தைலம் இல்லாத இறக்கம்

சொல்லக்கூடாது. டாக்டரம்மா முன்னால் போய் உட்காரும்வரை ஸ்டெல்லாவிடம் மூச்சுவிடக்கூடாது. குன்னூர் தாண்டியாகிவிட்டது, பஸ் இறங்க ஆரம்பித்துவிட்டது, கோயமுத்தூர் வரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாதா என்ன. முடியாது, அதுதான் கஷ்டம். ஊட்டி மார்க்கெட்டில் கடை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் ‘வாங்க சார், பாருங்க சார்’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இது, அதற்குப் பூட்டு கிடையாது. ஆனால் சொன்னால் அவள் சிரிப்பாள். சத்தமாகக்கூடச் சிரிக்கமாட்டாள். மூக்கால் ஒரு காற்று விடுவாள், அவ்வளவுதான், அதற்கே என் கண்டுபிடிப்பு பொசுங்கிவிடும். அவளையும் குறை சொல்ல முடியாது. இதற்கு முன்னால் கத்தரிக்காயைக் கண்டுபிடித்தவன் நான். கத்தரிக்காய் சாப்பிடுகிற அன்றைக்குத்தான் ஜோயலுக்கு வலிப்பு வருகிறது என்று அடித்துச் சொல்லி, வீட்டுக்குள் கத்தரிக்காயே வரக்கூடாது என்று சட்டம் போட்டு, பக்கத்து வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினால்கூட வாசலோடு திருப்பி அனுப்பினேன். கத்தரிக்காயின் நிழல்கூடப் படாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்ரூம் வாசலில் அவன் விழுந்தான். அப்புறம் டியூப்லைட். மினுக்கு மினுக்கென்று எரிந்துகொண்டிருந்ததைக் கழற்றிவிட்டுப் புது பல்பு போட்டேன், இரண்டு வாரம் வெற்றி வீரனைப் போலத் திரிந்தேன், பிறகு அதுவும் போயிற்று. அப்புறம் அமாவாசை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் அமாவாசை பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று ஸ்டெல்லா அவள் அண்ணனிடம் போனில் சொன்னதை நானே கேட்டேன். ஆகவே இந்தத் தடவை வாயைத் திறக்கமாட்டேன்.

ஜன்னல் ஓரம் ஜோயல், நடுவில் நான், இந்தப் பக்கம் ஸ்டெல்லா. பஸ் நகர்ந்ததும் தூங்கிவிடுகிற வரம் அவளுக்கு உண்டு. தலை முன்னும் பின்னும் ஆடுகிறது, மடியில் இருக்கிற பையை மட்டும் கை விடவில்லை. ஜோயலுக்குப் பதினாலு வயது. என்னைவிட உயரமாகிவிட்டான், மேலுதட்டில் மீசை எட்டிப் பார்க்கிறது, ஸ்வெட்டர் பட்டனை மட்டும் இன்னும் அம்மாதான் போட்டுவிட வேண்டும். ஆட்டிசம் என்ற சொல்லை அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கேட்டோம். அதோடு எப்படியோ குடித்தனம் நடத்தப் பழகிவிட்டோம், ஏனென்றால் அதற்கென்று சில சட்டதிட்டங்கள் இருக்கின்றன. குழம்பு சோற்றில் படக்கூடாது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட வேண்டும். அப்பா தொடக்கூடாது. கடைசிச் சட்டம் கொஞ்சம் கொடுமையானது, ஆனால் இந்தப் பிள்ளைகள் சிலருக்குத் தொட்டால் பிடிக்காது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி என்று கையை இழுத்துக்கொண்டேன். வலிப்பு அப்படியில்லை. அது அவனுக்குப் பதினொரு வயதில் வந்தது, அதற்குச் சட்டமும் இல்லை ஒழுங்கும் இல்லை. கண் ஒரு பக்கமாக மேலே ஏறும், வலது கை இழுக்கும், பிறகு ஆள் அங்கே இருக்கமாட்டான். மாத்திரை கொடுத்தார்கள், குறைந்தது, நிற்கவில்லை. அளவைக் கூட்டினார்கள், இன்னும் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. போன தடவை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “அடுத்த தடவை வர்றதுக்குள்ள திரும்ப வந்துச்சுன்னா ரெண்டாவது மாத்திரை ஒன்னு சேர்த்துதான் ஆகணும் சற்குணம்” என்றார். திரும்ப வந்தது. இரண்டு தடவை வந்தது. இன்றைக்குத்தான் அந்த இரண்டாவது மாத்திரையின் நாள்.

எனக்கு அந்த மாத்திரை வேண்டாம். தேவை என்றால் கொடுப்பேன், அந்த அளவுக்குப் பைத்தியக்காரன் இல்லை, ஒருவேளைகூட மாத்திரை தவறவிட்டதில்லை நாங்கள். ஆனால் முதல் மாத்திரையின் அளவைக் கூட்டிய காலத்தில்தான் அவன் வளைவு எண்ணுவதை நிறுத்தினான். இந்த மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மஞ்சள் பலகை நட்டு எண் எழுதியிருக்கிறார்கள், இறங்கும்போது பதினாலில் தொடங்கி ஒன்றில் முடியும். வாயைத் திறந்து தண்ணீர் கேட்கத் தெரியாத வயதில் அவன் அந்த எண்ணைச் சொல்வான். பலகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சொல்வான். “பதிமூணு” என்பான், பஸ் திரும்பும், பலகை வரும், பதிமூன்று. டிரைவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு தடவை மூடுபனியில் ரோடே தெரியாத நாளில்கூடப் பிசகாமல் சொன்னான், கண்டக்டர் ஒரு வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குரலை மாத்திரை தின்றுவிட்டது என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். பாவம், அவர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். “வலிப்பு எதுனால தூண்டப்படுதுன்னு தெரிஞ்சா எனக்கும் வசதி. யோசிச்சுப் பாருங்க. தூக்கம் குறைஞ்சுதா, காய்ச்சலா, பசியா, வெளிச்சமா, சத்தமா, ஏதாவது வாசனையா, எதுவா இருந்தாலும் வந்து சொல்லுங்க” என்றார். நானும் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் துரத்தினேன், ஒன்றைத் தவிர. வாசனையை அப்படியே தாண்டிப் போய்விட்டேன். ஊதுபத்தி கொளுத்துகிற வீடில்லை, சென்ட் அடிக்கிறவன் நானில்லை, எங்கள் வீட்டில் என்ன வாசனை இருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா கேட்டாள், “ஏங்க, தைலம் எடுத்துக்கிட்டீங்களா?” கை தன்னால் சட்டைப்பைக்குப் போயிற்று. காலி. கடை போட்ட நாளிலிருந்து என் சட்டைப்பையில் தைல சீசா இல்லாத நாள் கிடையாது. நீலகிரித் தைலம், மூலிகைத் தைலம், வலித் தைலம், சின்ன சீசா, பெரிய சீசா, அதுதான் என் கடை. டீத்தூளும் சாக்லேட்டும் ஓரத்துக்குத்தான். இப்போது எங்கள் வரிசைக்குக் கூரை மாற்றுகிறார்கள், அதனால் கடை சாத்தி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, சரக்கையெல்லாம் மச்சான் வீட்டு ஷெட்டில் போட்டுப் பூட்டியிருக்கிறேன். அதனால் பையில் சீசா இல்லை. மறந்துவிட்டேன் என்றேன். “ஊருக்கெல்லாம் தைலம் விக்கிறவரு, பெத்த பிள்ளைக்கு ஒரு சொட்டு எடுத்துட்டு வர முடியலை” என்றாள். காலியான பைக்குள் விரலை விட்டபடி நின்ற அந்த இடத்தில்தான், பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வந்தது. மூன்று வாரமாகக் கடை இல்லை. மூன்று வாரமாகத் தைலம் இல்லை. மூன்று வாரமாக வலிப்பு இல்லை. கடைசியாக வந்த இரண்டு வலிப்பும் கூரையைப் பிரிப்பதற்கு முந்திய வாரம், கடைசிக் கூட்டம் என்று நான் பெரிய கேனிலிருந்து சீசா சீசாவாக ஊற்றி அடைத்துக்கொண்டிருந்த வாரம், சட்டையெல்லாம் ஊறிப்போய் வீட்டுக்கு வந்த வாரம். வாசனை என்று அந்த அம்மா கேட்டபோது எனக்குத் தைலம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. ஏன் வரும். எனக்குத் தைலம் ஒரு வாசனையே அல்ல, மூச்சு விடுகிற காற்று.

மெதுவாக, சற்குணம், மெதுவாக. கத்தரிக்காயும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்றைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டால் அதற்கு எதிராக ஊரே சாட்சி சொல்ல வருவதைப் போல இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் சாட்சிகள் வந்துகொண்டே இருக்கிறார்களே, நான் என்ன செய்ய. சீசனில் ஏன் அதிகம் வருகிறது? வெளியூர்க் கூட்டம், வண்டிச் சத்தம், அதனால் என்று நினைத்தோம். சீசனில்தான் எனக்கு வியாபாரம், சீசனில்தான் நான் தலையிலிருந்து கால்வரை தைலமாக வீட்டுக்கு வருவேன். குளிர் காலத்தில் ஏன் வருகிறது? சளி பிடித்தால் காய்ச்சல் வரும், காய்ச்சலில் வலிப்பு வரும் என்று நினைத்தோம். சளி பிடித்தால் நாங்கள் முதலில் என்ன செய்கிறோம்? வெந்நீரில் தைலம் விட்டு, போர்வையை மூடி, அவன் திமிறத் திமிற ஆவி பிடிக்க வைக்கிறோம். வலிப்பு வந்து முடிந்து அவன் துவண்டு கிடக்கும்போது என்ன செய்கிறோம்? உள்ளங்காலில் தைலம் தேய்க்கிறோம், நெஞ்சில் தேய்க்கிறோம், இந்த மலையில் யாருக்கு என்ன வந்தாலும் அதைத்தானே செய்கிறோம். சில நாள் அதே சாயங்காலம் இன்னொன்று வரும். இந்த பஸ் மட்டும் என்ன? பாதி இறக்கத்தில் பர்லியார் தாண்டினால் வருகிறது என்று எங்களுக்கு ஒரு பயமே உண்டு. வெறும் வயிறு என்றார்கள், இட்லி கொடுத்துக் கூட்டிவந்தோம். மரத்துக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு அடிப்பதால் என்றார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக் கூட்டிவந்தோம். இறக்கத்தில் வாந்தி வராமல் இருக்கக் கைக்குட்டையில் தைலத்தைத் தெளித்து அவன் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டோம். எவ்வளவுக்கு ஜாக்கிரதையோ அவ்வளவுக்குத் தைலம். அவன் கைக்குட்டையைத் தட்டிவிடுவான், நான் திரும்ப வைப்பேன், அவன் வாய் அடைத்துப்போகும். அடக் கடவுளே, வளைவு எண்ணுவதை அவன் நிறுத்தியதும் இந்தக் கைக்குட்டை வந்த பிறகுதானே.

ஆனால் ஸ்கூல்? இங்கேதான் முள் மாட்டுகிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான அவன் ஸ்கூலில் ஒரு தடவை விழுந்தானே, அங்கே தைலம் எங்கிருந்து வந்தது. குன்னூர் தாண்டியதிலிருந்து இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். பஸ் ஒரு வளைவில் நிற்கிறது, மேலே ஏறுகிற லாரிக்கு வழிவிடுகிறது, லாரிக்காரன் கையைக் காட்டிவிட்டுப் போகிறான். கை. கேன் தூக்கிய கை. ஸ்கூலில் தரை துடைக்க என்று ஒரு கேன் தைலம் இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேனே, கொசு வராது, பூச்சி வராது, வாசமாக இருக்கும் என்று. பிரின்சிபல் மேடம் அசெம்பிளியில் எனக்கு நன்றி சொன்னார்கள். சிரிப்பதா அழுவதா. அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், இப்போது எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சந்தோஷமாகத்தான் அடிக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன், கிட்டத்தட்ட கண்டுபிடித்துவிட்டேன். கிட்டத்தட்டதான். திருப்பூரில் கல்யாண மண்டபத்தில் வந்ததே, அங்கே தைலம் கிடையாது. அன்றைக்கு அவன் விடிய விடியத் தூங்கவில்லை, மேளச் சத்தம் வேறு. அதைத் தைலத்தின் தலையில் போட முடியாது. இருக்கட்டும், தூக்கம் ஒரு குற்றவாளி, தைலம் ஒரு குற்றவாளி, இரண்டு பேர் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது. ஒருவேளை தைலம் குற்றவாளியே இல்லையோ. இன்றைக்கே, தைலமே இல்லாமல், பர்லியாருக்குக் கீழே அவன் கண் மேலே ஏறினால்? அப்போது கத்தரிக்காய், டியூப்லைட், அமாவாசை, தைலம். நாலாவது ஆளும் நிரபராதி, இரண்டாவது மாத்திரை நிச்சயம். ஜோயலைத் திரும்பிப் பார்க்கிறேன். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மரங்களைப் பார்க்கிறான், இமை சாதாரணமாகத்தான் மூடித் திறக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைத் தொடவே பயமாக இருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டிவி பார்க்கும்போது சோபாவின் அந்தக் கோடியில்தான் உட்காருவான், நான் போனால் எழுந்துவிடுவான். கூரை வேலை ஆரம்பித்த இரண்டாவது வாரம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், சோபா அமுங்கியது, பார்த்தால் ஜோயல். தோளுக்கும் தோளுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நான் பேப்பரைத் திருப்பவில்லை, அதே பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அப்பா வீட்டிலேயே இருக்கிறார், பழகிவிட்டான் என்றாள் ஸ்டெல்லா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டிசம் என்றால் தொடக்கூடாது என்றார்கள், நான் யாரிடமும் திருப்பிக் கேட்டதில்லை, அவனுக்கு எல்லோரும் தொடுவது பிடிக்கவில்லையா, நான் தொடுவது பிடிக்கவில்லையா என்று. அம்மா பட்டன் போட்டுவிடுகிறாளே. அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த ஒரு அட்டைப்பெட்டி சீசாவை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சரிவில் தள்ளிவிட்டான். அடம் என்று கத்தினேன், அவன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டான், அதைக்கூட நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அவன் காதைத்தான் தப்பாகப் பொத்துகிறான் என்று நினைத்தேன். போதும். இப்போது கடையைப் பற்றி யோசிக்கலாம், அது சுலபம். தைலத்தை மச்சானிடம் தள்ளிவிடலாம். வர்க்கி, டீத்தூள், ஹோம்மேட் சாக்லேட், ஸ்வெட்டர் என்று மாற்றினால் என்ன குறைந்துவிடும். சாக்லேட் மணக்க மணக்க வீட்டுக்குப் போகிறவனைப் பிடிக்காத பிள்ளை உண்டா. வண்டி இன்னும் மேட்டுப்பாளையமே வரவில்லை, நான் கடைக்குப் புது போர்டே எழுதிவிட்டேன்.

பர்லியாரில் பஸ் நின்றது. டீ குடிக்கிறவர்கள் இறங்கினார்கள், குரங்குகள் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போயின. ஸ்டெல்லா கண் விழித்தாள். பையைத் திறந்து, அடியில் துழாவி, கைக்குட்டையையும் ஒரு சின்ன சீசாவையும் எடுத்தாள். என் கடைச் சீசா.

“நீங்க மறப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா. நான் ஒன்னு தனியா எடுத்து வச்சிருந்தேன்.”

அவள் மூடியைத் திருகப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கோயமுத்தூர்வரை பூட்டி வைத்திருந்த வாய் பர்லியாரிலேயே திறந்துகொண்டது. கூரை, கடை, சட்டை, ஆவி பிடித்தது, ஸ்கூல் தரை, கைக்குட்டை எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அவள் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காற்று வரவில்லை.

“இது எத்தனாவதுங்க?” என்றாள்.

“நாலாவது.”

“திருப்பூர்ல தைலம் இல்லையே.”

“அது தூக்கம். எல்லாமே தைலம்னு நான் சொல்லலை ஸ்டெல்லா. ஒன்னா இருக்கலாம்னு சொல்றேன். இன்னிக்கு ஒரு நாள் அதைத் திறக்காதே.”

“வாந்தி எடுத்தா?”

“எடுக்கட்டும். துடைச்சுக்கலாம்.”

அவள் சீசாவை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். பஸ் கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே முன் சீட்டில் இருந்த பெண், காரமடையில் நிற்காது என்று கண்டக்டர் சொன்னதால் மேட்டுப்பாளையத்துக்கு டிக்கெட் வாங்கியவர், ஏறியதிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தவர், ஒரு சீசாவைத் திறந்து நெற்றியில் பூசினார், தாவணிபோலப் போட்டிருந்த துண்டிலும் தெளித்தார். அந்த வாசனை வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு அது வாசனையாக வந்தது, கண்ணைக் கரித்துக்கொண்டு, பஸ் முழுக்கப் பரவிக்கொண்டு. ஜோயல் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். நான் எட்டி ஜன்னலைத் தள்ளித் திறந்தேன்.

“ஏம்மா, கொஞ்சம் அந்த சீசாவை மூடிக்கிறீங்களா?”

“ஏனுங்ண்ணா, தைல வாசம் ஆகாதுங்களா? எந்த ஊருங்க உங்களுக்கு?”

“ஊட்டி.”

“ஊட்டியில இருந்துட்டுத் தைலம் ஆகாதுங்கறீங்க. நல்ல சரக்குங்ண்ணா, மார்க்கெட்ல பார்த்துத்தான் வாங்கினேன்.”

பார்த்தேன், பக்கத்து வரிசைக் கடைச் சரக்கு. அந்தக் கடைக்காரன் போடுகிற மூடி எப்போதும் கசியும். ஆயிரம் பேரிடம் ‘மோந்து பாருங்க, மோந்து பாருங்க’ என்று சீசாவை நீட்டிய நான் இப்போது என்ன சொல்வது என்று தெரியாமல் விழிக்கையில், ஸ்டெல்லா சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“தங்கச்சி, என் பையனுக்கு ஃபிட்ஸ் வரும். இந்த வாசத்துக்கு வருதோன்னு ஒரு சந்தேகம் இருக்குது. மேட்டுப்பாளையம் வரைக்கும் பொறுத்துக்கங்க. இந்தாங்க, எலுமிச்சம்பழம் மோந்துக்கங்க. துண்டைக் கொஞ்சம் இந்தக் கவருக்குள்ள போட்டுக் கட்டிருங்க.”

அந்தப் பெண் ஜோயலைத் திரும்பிப் பார்த்தார். சீசாவை மூடி, துண்டைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, முந்தானையால் நெற்றியையும் துடைத்துக்கொண்டார். “முன்னாடியே சொல்லியிருந்தா திறந்திருக்கவே மாட்டனுங்க அக்கா” என்றார். ஸ்டெல்லா உட்கார்ந்தாள். எதிரே பார்த்தபடியே சொன்னாள், “முட்டி வலிக்கு நான் தேய்ச்சுக்கிற அன்னிக்கெல்லாம் அவன் என் ரூம்ல படுக்கமாட்டான். ஹால்ல போய்ப் படுத்துக்குவான். நான் கோவிச்சுக்கிட்டு விட்டுருவேன்.” அவளும் ஒரு சாட்சி. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது, அவள் கண் கலங்கியிருந்ததால் குதிக்கவில்லை.

இனிமேல்தான் அந்த இடம். பர்லியாருக்குக் கீழே, அடிவாரத்துக் கல்லாற்றுக்கு மேலே, எப்போதும் வருகிற இடம். காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அறைகிறது, வெயில் மரத்துக்கு மரம் விட்டு விட்டு அடிக்கிறது, கறுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம், இது வேறு. வெயில்தான் குற்றவாளியாக இருந்தால்? அந்தத் துண்டு கொஞ்ச நேரம் திறந்திருந்ததே, அது போதுமானதாக இருந்தால்? நான் அவன் கண்ணைப் பார்க்கிறேன், கையைப் பார்க்கிறேன், மறுபடி கண்ணைப் பார்க்கிறேன். வலது கை மடியில் கிடக்கிறது. விரல் அசைந்தது. அசைந்ததா. ஸ்வெட்டர் நூலைப் பிடுங்குகிறான், அவ்வளவுதான். வளைவு வருகிறது, பஸ் முனகிக்கொண்டு திரும்புகிறது, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கிறோம், பலகை வருகிறது, போகிறது. இன்னொன்று. ஒவ்வொரு பலகை போகும்போதும் எனக்குள் ஏதோ ஒன்று மேலே மேலே ஏறுகிறது, பஸ் மட்டும்தான் இறங்குகிறது. ஆட்டம் நிற்கவில்லை அவனுக்கு, இன்னும் கொஞ்சம் வாசனை இருக்கிறது, எனக்கே தெரிகிறது. மூக்கைச் சுருக்குகிறான். கண் என் பக்கம் திரும்புகிறது, என் முகத்துக்கு வராமல் என் கைக்கு வருகிறது. பிறகு என் கையை எடுக்கிறான். அவனாகவே எடுக்கிறான். ஒரு பொருளை எடுப்பதைப் போல மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையை மூக்கருகில் கொண்டுபோய், மோந்து பார்க்கிறான். காலையில் சோப்புப் போட்டுக் குளித்தேன், இட்லி சாப்பிட்டேன், டிக்கெட் வாங்கினேன், அவ்வளவுதான் என் கையில் இருக்கிறது, ஆண்டவரே, வேறு எதுவும் இருக்கக்கூடாது. இன்னொரு தடவை மோந்தான். பிறகு அந்தக் கையைத் தன் மூக்கின்மேல் வைத்து, மேலே தன் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டான்.

இப்படியே எத்தனை வளைவு போனது என்று எனக்குத் தெரியவில்லை. கை மரத்துப்போகிறது, போகட்டும். அவன் மூச்சு என் உள்ளங்கையில் சுடச்சுட வந்து வந்து போகிறது. ஆட்டம் மெதுவானது, நின்றது. ஸ்டெல்லா என் தோள்வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் திரும்பவில்லை, திரும்பினால் கை அசையும். ஏதாவது செய்யாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்ததால் நான் எண்ண ஆரம்பித்தேன். அடுத்த வளைவு வருவது தெரிந்ததும் அவன் காதருகே மெல்ல, “நாலு” என்றேன்.

என் கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “மூணு.”

பஸ் திரும்பியது. மஞ்சள் பலகை வந்தது. மூன்று.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை, தெரியுமா, எனக்கு, வாய்க்குப் பூட்டே இல்லாதவனுக்கு. அடுத்ததை அவனே சொன்னான், நான் கேட்காமலே சொன்னான், பலகைக்கு முன்பாகவே சொன்னான், அந்தக் கடைசி ஒன்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, பாக்குமரங்கள் தெரிய ஆரம்பித்ததும், என் கையை மூக்கிலிருந்து இறக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையை என் தோளில் போட்டான். கனமான தலை. பதினாலு வருஷமாக அதன் கனம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் காரமடைப் பெண் தூங்குகிற ஜோயலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கினார். ஸ்டெல்லா தன் கையிலிருந்த சீசாவையும் அவரிடமே கொடுத்துவிட்டாள், கீழே போய்த் திறக்கச் சொல்லி. பிறகு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, “ஒரு தடவை வரலைன்னா சரின்னு ஆயிடாதுங்க. டாக்டரம்மா என்ன சொல்றாங்களோ அதைத்தான் கேக்கணும். மாத்திரை சேர்க்கணும்னா சேர்க்கத்தான் வேணும்” என்றாள். தெரியும் என்றேன். உண்மையிலேயே தெரியும். டாக்டரம்மா கேட்பார், யோசிப்பார், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வார், நாலாவது குற்றவாளிமேல் வழக்கு இனிமேல்தான் நடக்கும். அவரிடம் சொல்ல ஊட்டியிலிருந்தே ஒரு பெரிய பிரசங்கம் தயார் செய்துகொண்டு வந்தேன், சீசன், ஆவி, ஸ்கூல் தரை, கைக்குட்டை என்று வரிசையாக. இப்போது அதில் ஒரு வார்த்தைகூட முன்னுக்கு வரமாட்டேன் என்கிறது. அதெல்லாம் ஸ்டெல்லா சொல்லட்டும், அவள் ஒழுங்காகச் சொல்வாள். நான் உள்ளே போனதும், உட்காருவதற்கு முன்னாலேயே, டாக்டரம்மா, என் பையன் என்மேல் தலை வைத்துத் தூங்கினான் என்று சொல்லப்போகிறேன். அது வலிப்புக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பார் அவர், இருக்கட்டும், முதலில் அதைத்தான் சொல்வேன்.